இயக்கத்தில் பழகிய வயறிங் வேலைக்கு என்விகியூ எடுப்பது எப்படி?

2009க்குப் பிறகு புனர்வாழ்வு முடித்து வந்த முன்னாள் புலி இயக்கத்தவர்களில் நல்ல வயறிங்காரர் பலர் இருக்கிறார்கள். கையில் தொழில் இருக்கிறது, கடதாசி இல்லை. அதனாலேயே இன்னொருவருக்குக் கீழே நாட்கூலிக்குக் கம்பி இழுக்கிறார்கள். அந்தக் கடதாசிதான் என்விகியூ, இலங்கையின் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ். அதைத் திரும்ப வகுப்புக்குப் போகாமலே எடுக்கலாம். ஏற்கெனவே தெரிந்த தொழிலைச் சோதித்துச் சான்று தரும் இந்த வழிக்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று பெயர். நைற்றா (அரசின் தொழிற்பயிற்சி அதிகாரசபை) அலுவலகத்தில் 'ஆர்பிஎல்' என்று கேளுங்கள்.

1. மட்டம்

மொத்தம் 7 மட்டங்கள். 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஒரு முழு வீட்டையும் மேற்பார்வை இல்லாமல் முடிக்கக்கூடியவர் 4ஐக் கேட்கவேண்டும். பயத்தில் குறைத்துக் கேட்காதீர்கள். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் மின்னியலாளர் உரிமத்துக்கும் என்விகியூதான் அடிப்படை.

2. அனுபவச் சான்று

ஆட்கள் இடறுவது இங்கேதான். 'இவர் நேர்மையானவர், நல்ல உழைப்பாளி' என்ற கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த ஊரில், எத்தனை பொயின்ற் (லைற், பிளக் இடங்கள்), டிபி போர்ட் (வீட்டுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) பூட்டினாரா, எர்த் கம்பி இறக்கினாரா என்று எழுதி வாங்குங்கள். கொந்தறாத்துக்காரர் தர மறுத்தால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். ஜிஎஸ் (கிராம சேவகர்) கடிதம் வதிவிடத்துக்குத்தான் உதவும்.

படம் எடுப்பதென்றால் பூச்சுக்கு முதல் எடுங்கள். சுவர் வெட்டி பைப் பதித்திருப்பது தெரியவேண்டும், வேலை செய்பவரின் முகமும் தெரியவேண்டும். பூசி முடித்த சுவரில் சுவிட்ச் மட்டும் இருக்கும் படம் யாருடைய வேலை என்று சொல்லாது.

இயக்கத்தில் இருந்த வருடங்களை மறைக்க இல்லாத கடை ஒன்றின் பெயரை எழுதவேண்டாம். வாய்மொழிக் கேள்வியில் வருடங்கள் முட்டும், மற்றச் சான்றுகளையும் சந்தேகிப்பார்கள். வெளியே வந்த பிறகு செய்த வேலையை ஒழுங்காகக் காட்டுங்கள்.

3. செய்முறைத் தேர்வு

வேகமாக வேலை செய்யப் பழகியவர்கள் சோதிக்கும் வேலையில்தான் தவறுகிறார்கள். காப்புத்தடை, அதாவது கம்பியின் உறை மின்கசிவை எவ்வளவு தடுக்கிறது என்று பார்க்கும் ஒழுங்கு:

மெயினை நிறுத்தி, மின்சாரம் இல்லை என்று ரெஸ்ரரால் உறுதிசெய்யுங்கள். பல்புகளைக் கழற்றுங்கள், இலத்திரனியல் பொருட்களையும் கழற்றுங்கள். சுவிட்ச்கள் 'ஒன்'. மெகரை (காப்புத்தடை அளக்கும் கருவி) 500 வோல்ற்றில் வையுங்கள். லைவுக்கும் நியூற்றலுக்கும் இடையில், பிறகு ஒவ்வொன்றுக்கும் எர்த்துக்கும் இடையில் பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் பிழை.

ஒரு பல்பு கழற்றாமல் இருந்தாலே முதல் வாசிப்பு அடியில் விழும். நல்ல வயரைப் பிழையென்று சொல்லிவிடுவீர்கள். மெகரை இரவல் வாங்கியாவது முதல் வாரமே பழகுங்கள். மல்ரிமீற்றர் இதற்குப் போதாது, அதன் சிறிய பற்றரி அழுத்தத்தில் பலவீனமான காப்பு அகப்படாது.

நிறமும் கவனம். பழைய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூற்றல். இப்போது மண்ணிறம் லைவ், நீலம் நியூற்றல், பச்சை மஞ்சள் எர்த்.

4. முடிவு

புள்ளி இல்லை. தேர்ச்சி, அல்லது இன்னும் தேர்ச்சியில்லை. சில அலகுகள் மட்டும் சரிவந்தால் அவற்றுக்குத் தனிப் பதிவு தருவார்கள். விட்டவற்றை மட்டும் பிறகு செய்து முழுச் சான்றிதழை எடுக்கலாம். மனம் விட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

பின்சேர்க்கை: பெயர்

விண்ணப்பத்தில் ஆங்கிலப் பெயரை அடையாள அட்டையிலும் கடவுச்சீட்டிலும் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து நிரப்புங்கள். கட்டாருக்குப் போக வெளிக்கிடும்போது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அலைச்சல்தான். இரண்டிலும் வேறு வேறாக இருந்தால் அதை முதலில் திருத்துங்கள், விண்ணப்பம் பிறகு.