நிலத்தடி ஹீட் பம்பின் செயல்திறன்: அளக்கும் முறையும் காக்கும் முறையும்

நிலத்தடி ஹீட் பம்ப் வெப்பத்தைப் புதிதாக உண்டாக்குவதில்லை. மண்ணில் ஏற்கெனவே உள்ள வெப்பத்தை, புதைத்த குழாய்களில் சுற்றிவரும் உறைதடுப்புக் கரைசலின் வழியாக எடுத்து, கம்ப்ரசரால் அதன் வெப்பநிலையை உயர்த்தி வீட்டுக்குள் சேர்க்கிறது. 1 யூனிட் மின்சாரத்துக்கு 3 முதல் 5 யூனிட் வரை வெப்பம் கிடைப்பது இதனால்தான். இந்த விகிதத்துக்கு சிஓபி என்று பெயர். சாதாரண மின் ஹீட்டரில் இது 1-ஐத் தாண்டாது.

விளம்பரத்தாளில் அச்சிட்ட சிஓபி உங்கள் வீட்டிலும் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, மண்ணிலிருந்து வரும் கரைசலுக்கும் வீட்டைச் சூடாக்கும் நீருக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு. கரைசல் 0 டிகிரி செல்சியஸிலும் நீர் 35 டிகிரியிலும் இருக்கும்போது, இயற்பியல் விதி அனுமதிக்கும் உச்ச சிஓபி ஏறத்தாழ 8.8. அதே நீரை 55 டிகிரிக்கு ஏற்றினால் உச்சம் 6-க்கு இறங்கிவிடும்; நடைமுறையில் இயந்திரங்கள் எட்டுவது ஏறத்தாழ இதில் பாதிதான். விளம்பரத்தாளில் 'பி0/டபிள்யூ35' என்ற குறிப்பு இருந்தால், அந்த எண் 0 டிகிரி கரைசலுக்கும் 35 டிகிரி நீருக்கும் உரியது. உங்கள் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கு 55 டிகிரி நீர் தேவைப்படுமானால் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வீட்டில் உள்ள இயந்திரத்தின் சிஓபியை நீங்களே கண்டறியலாம். இயந்திரம் அரை மணி நேரம் இடைவிடாமல் ஓடிய பிறகு, வீட்டுக்குள் செல்லும் நீரின் வெப்பநிலை, திரும்பி வரும் நீரின் வெப்பநிலை, நீரோட்டத்தின் அளவு, இயந்திரம் இழுக்கும் மின்சாரம் ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செல்லும் நீர் 35 டிகிரி, திரும்பும் நீர் 30 டிகிரி, ஓட்டம் நிமிடத்துக்கு 20 லிட்டர், அதாவது மணிக்கு 1,200 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் நீரை 1 டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி தேவை; ஆகவே 1,200 × 5 × 1.163 என்று பெருக்கினால் வீட்டுக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 7 கிலோவாட். அப்போது மின்மீட்டர் 1.75 கிலோவாட் காட்டினால் சிஓபி 4. குழாயின் மேல் வைக்கும் வெப்பமானியை நன்றாக ஒட்டி, காப்புறையால் சுற்றிவிடுங்கள். 5 டிகிரி வேறுபாட்டை அளக்கையில் 1 டிகிரி பிசகினாலும் விடை 20 சதவீதம் தவறிவிடும். இருப்பினும் இது ஒரு நேரத்து அளவே. குளிர்காலம் முழுவதற்குமான வெப்பத்தை, சுழற்சிப் பம்புகள் இழுத்ததையும் சேர்த்த மொத்த மின்சாரத்தால் வகுத்துப் பெறும் எண்ணையே நான் நம்பத் தகுந்ததாகக் கருதுகிறேன்.

அளந்த பின் செய்ய வேண்டிய முதல் வேலைக்குச் செலவே இல்லை. வெளியே நிலவும் குளிருக்கேற்ப நீரை எவ்வளவு சூடாக்குவது என்பதைத் தீர்மானிக்கும், கட்டுப்பாட்டுப் பலகையில் 'ஹீட்டிங் கர்வ்' என்றிருக்கும் அமைப்பில் நீரின் வெப்பநிலையை ஒரு முறைக்கு 1 அல்லது 2 டிகிரி குறைத்து, இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். அறைகள் போதிய சூட்டில் இருக்கும்வரை மேலும் குறைக்கலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 2 முதல் 3 சதவீத மின்சாரம் மிச்சமாகும். இரவில் சூட்டை வெகுவாகக் குறைத்துக் காலையில் வேகமாக ஏற்றும் பழக்கம், அறைகளைச் சூடாக்கும் நீர்க்குழாய்களை அறைத் தரைக்கடியில் பதித்த வீடுகளுக்குப் பொருந்தாது; தரை மெதுவாகவே சூடேறும் என்பதால், அந்த அவசரத்தில் துணை மின் ஹீட்டர் இயங்கத் தொடங்கிவிடும். அதன் சிஓபி 1 மட்டுமே. எனவே அது எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை மாதம் ஒருமுறை மெனுவில் பாருங்கள். காரணமில்லாமல் கூடியிருந்தால் நிறுவியவரிடம் விளக்கம் கேளுங்கள்.

புதிதாக நிறுவுவோர் முதலில் கூரைக்கும் சுவருக்கும் வெப்பக் காப்பு அமைத்து, அதன் பிறகே வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிடச் சொல்ல வேண்டும். தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அடிக்கடி நின்று நின்று ஓடிக் கம்ப்ரசரைத் தேய்க்கும். மண்ணில் குழாய் இறக்கப் போடும் துளையின் ஆழத்திலோ குழாயின் நீளத்திலோ சிக்கனம் பார்ப்பது அதைவிடப் பெரிய தவறு: எடுக்கும் வெப்பத்தை மண் ஈடுகட்ட முடியாமல் ஆண்டுக்கு ஆண்டு குளிர்ந்துகொண்டே போகும், அதைப் பின்னர் சரிசெய்ய மறுபடியும் தோண்ட வேண்டியிருக்கும். இதைக் கண்டுபிடிக்க, ஒவ்வொரு குளிர்காலத்தின் கடைசி வாரத்திலும் மண்ணிலிருந்து வரும் கரைசலின் வெப்பநிலையை ஒரு நோட்டில் எழுதி, முந்தைய ஆண்டுகளின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.