வெயில் காலத்துல ஹகுபா: ஸ்கீ தெரியாதவங்க ஸ்கீ மலைக்குப் போறது எப்படி

ஜூலை, ஆகஸ்ட்ல டோக்கியோ எப்படிப் புழுங்கும்னு அங்க இருந்தவங்களுக்குத் தெரியும், 35 டிகிரி அடிக்கும், ராத்திரியில கூட சட்டை முதுகோட ஒட்டிக்கும். அந்த நேரத்துல அந்த ஊர்க்காரங்க மலைக்கு ஓடுறாங்க, அதுல நிறைய பேர் போற இடம் நாகானோ மாகாணத்துல இருக்குற ஹகுபா கிராமம். குளிர்காலத்துல உலகம் பூரா இருந்து ஸ்கீ போட வர்ற ஊரு, 1998 ஒலிம்பிக்ல டவுன்ஹில் ரேஸ், ஸ்கீ ஜம்பிங் எல்லாம் இங்கதான் நடந்துச்சு. பனி கரைஞ்சதும் அதே கோண்டோலா (கம்பியில தொங்கிப் போற மூடின பெட்டி), அதே சேர்லிஃப்ட் (கம்பியில தொங்குற பெஞ்சு) நடக்குறவங்களுக்காக ஓட ஆரம்பிச்சிடும், அதனால மலையே ஏறிப் பழக்கமில்லாதவங்க கூட 2,000 மீட்டர் உயரத்தைத் தொட்டுட்டு வரலாம். இங்க பல மலை இருக்கு, நான் ஹப்போ-ஓனே மலையில இருக்குற ஹப்போ குளத்தை வச்சு சொல்றேன், முதல் தடவை போறவங்களுக்கு அதுதான் சரியான அளவு.

ஸ்டெப் 1: தேதி முடிவு பண்ணுங்க

ஜூன்லயே லிஃப்ட் ஓடும், ஆனா குளத்துக்குப் போற பாதையில பனி கிடக்கும், சில வருஷம் ஜூலை ஆரம்பம் வரைக்கும் கூட கிடக்கும். ஜூன்ல இருந்து ஜூலை 20 வாக்குல வரைக்கும் அங்க மழை சீசன். அது முடிஞ்சதும் வர்ற ஜூலை கடைசி வாரம்தான் என் ஓட்டு, பூவும் அப்பதான் நிறைய. ஆகஸ்ட் 11 மலை தினம்னு அரசு விடுமுறை, அதை ஒட்டியே 13ல இருந்து 16 வரைக்கும் ஓபோன், நம்ம தீபாவளி லீவு மாதிரி நாடே ஊருக்குக் கிளம்புற நேரம், ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் விலை ஏறியிருக்கும், அந்த வாரத்தைத் தவிர்த்துடுங்க. இலை சிவக்கிறதைப் பாக்கணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர் ஆரம்பம்.

ஸ்டெப் 2: முந்தின நாளே போய்த் தங்கிடுங்க

இந்தப் பதிவுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இதை வச்சுக்கோங்க. டோக்கியோல இருந்து காலைல கிளம்பி சாயங்காலம் திரும்பிடலாம்னு சிலர் பிளான் போடுவாங்க, டிரெயின் கணக்கு சரியா வரும், மலைக் கணக்குதான் வராது. வெயில் காலத்துல விடிகாலையில சிகரம் எல்லாம் பளிச்சுனு தெரியும், வெயில் ஏற ஏற பள்ளத்தாக்குல இருக்குற ஈரக்காத்து சூடாகி மேல எழும்பி மேகமா மாறும், பத்து பத்தரைக்கே சிகரத்தைப் போர்த்திடும், மதியத்துக்கு மேல இடி மழை வர்றதும் சகஜம். நீங்க மதியம் பன்னெண்டு மணிக்குக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தா வெள்ளையா ஒரு சுவரைத்தான் போட்டோ எடுப்பீங்க.

போற வழி: டோக்கியோ ஸ்டேஷன்ல ஹொகுரிகு ஷின்கான்சென் (புல்லட் டிரெயின்) ஏறினா நாகானோவுக்கு ஒன்றரை மணி நேரம் முன்ன பின்ன. நாகானோ ஸ்டேஷன்ல கிழக்கு வாசல் பக்கம் வெளிய வந்தா ஹகுபா போற பஸ் நிக்கும், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். ஹப்போ பஸ் டெர்மினல்ல இறங்குங்க, அங்க இருந்து கோண்டோலா ஸ்டேஷன் நடந்தே போற தூரம்தான், அதனால ரூமும் அந்தப் பக்கமே போடுங்க. காசு மிச்சம் பண்ணணும்னா ஷின்ஜுகுல இருந்து நேரடி ஹைவே பஸ் இருக்கு, அஞ்சு மணி நேரம் கிட்ட ஆகும். இன்னொரு விஷயம், குளிர்காலத்துல ஊருக்குள்ள ஷட்டில் பஸ் சுத்திக்கிட்டே இருக்கும், வெயில் காலத்துல அந்த அளவுக்கு இருக்காது. குடும்பமா போறவங்க நாகானோலயே கார் வாடகைக்கு எடுக்குறது நல்லது, ஜப்பான்லயும் இடது பக்கம்தான் ஓட்டணும், இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டை ஊர்ல இருக்கும்போதே வாங்கிடுங்க.

ஸ்டெப் 3: பை

100 மீட்டர் ஏறினா சுமாரா 0.6 டிகிரி குறையும், அப்ப 2,060 மீட்டர்ல இருக்குற குளத்துக்கிட்ட டோக்கியோவை விட 12 டிகிரி கம்மி, காத்து அடிச்சா இன்னும் குளிரும். ஸ்வெட்டர் ஒண்ணு, மழை ஜாக்கெட் ஒண்ணு போதும். குடை வேண்டாம், ரிட்ஜ்ல, அதாவது மலை முகட்டுல, காத்து அதைத் திருப்பிப் போட்டுடும், இடி நேரத்துல அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது ஆபத்தும் கூட. நல்ல பிடிப்பு இருக்குற ஷூ கட்டாயம், செருப்பு வேண்டவே வேண்டாம். தொப்பி, சன்ஸ்கிரீன், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணி. கரடி இருக்குற பகுதி, பையில ஒரு சின்ன மணி கட்டிக்கிட்டா நல்லது, ஊர்க் கடைகள்லயே விப்பாங்க. ஆயிரம் யென் நோட்டும் நூறு யென் காசும் கொஞ்சம் வச்சுக்கோங்க, மலை டாய்லெட்ல பராமரிப்புக்குன்னு உண்டியல் வச்சிருப்பாங்க.

சாப்பாடு முந்தின ராத்திரியே கன்வீனியன்ஸ் ஸ்டோர்ல வாங்கிடுங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, சோபா நூடுல்ஸ் பாத்தா சைவம் மாதிரியே இருக்கும் ஆனா அந்தக் குழம்புத் தண்ணி பெரும்பாலும் மீன்ல எடுத்ததுதான். நாகானோ ஸ்பெஷல் ஓயாகின்னு ஒரு பதார்த்தம், மாவுக்குள்ள பூசணிக்காயோ கீரையோ இனிப்புப் பயறோ வச்சு சுடுவாங்க, பூசணி, பயறு கேட்டு வாங்கினா ஓரளவு தப்பிக்கலாம்.

ஸ்டெப் 4: காலைல எழுந்ததும் ரெண்டு விஷயம் பாருங்க

ஜன்னல் வழியா மலை தெரியுதா, ஹப்போ-ஓனே ஸ்கீ ரிசார்ட்டோட வெப்சைட்ல லைவ் கேமரா என்ன காட்டுது. சில நாள் கிராமத்துல மூட்டமா இருக்கும், மேல மேகத்துக்கு மேல வெயில் அடிக்கும், அதனால ஜன்னலை மட்டும் நம்பிடாதீங்க. முதல் லிஃப்ட் நேரமும் கடைசி லிஃப்ட் நேரமும் சீசனுக்கு சீசன் மாறும், அதே வெப்சைட்ல பாத்துட்டு முதல் லிஃப்டுக்கு அரை மணி முன்னாடியே வரிசையில நின்னுடுங்க.

ஸ்டெப் 5: மேல போறது

மூணு வண்டி மாறணும், டிக்கெட் மூணுக்கும் சேர்த்து போக வர ஒண்ணா வாங்கிடுங்க. முதல்ல அடாம்ங்கிற கோண்டோலா, எட்டு நிமிஷத்துல 1,400 மீட்டர்ல இருக்குற உசாகிதைராவுக்குக் கொண்டு போய் விட்டுடும். அங்க இருந்து ஆல்பென் குவாட், அப்புறம் கிராட் குவாட்னு ரெண்டு சேர்லிஃப்ட். சேர்லிஃப்ட்ல முதல் தடவை உக்கார்றவங்களுக்கு: பையை முதுகுல இருந்து கழட்டி மடியில வச்சுக்கோங்க, குறிச்ச கோட்டுல நின்னு திரும்பிப் பாருங்க, சீட்டு முழங்காலுக்குப் பின்னாடி வந்ததும் உக்காந்துடுங்க, கம்பியை இறக்கி விடுங்க. பயமா இருந்தா ஊழியர்கிட்ட கையைக் காட்டினாலே வேகத்தைக் குறைப்பாங்க. கால் தொங்குற உயரத்துலயே செடியும் பூவும் போகும், அதுக்காகவே வேகம் கம்மியா இருந்தா நல்லதுன்னு தோணும். இறங்குற இடம் 1,830 மீட்டர், ஹப்போ-இகே சான்சோன்னு ஒரு மலை விடுதி அங்க இருக்கு.

ஸ்டெப் 6: நடை

இங்க இருந்து குளத்துக்கு 230 மீட்டர் ஏத்தம், பொறுமையா போனா ஒன்றரை மணி நேரம். விடுதியைத் தாண்டினதும் பாதை ரெண்டாப் பிரியும், ஒண்ணு கல்லும் பாறையுமா ரிட்ஜ் மேல போறது, இன்னொண்ணு பக்கவாட்டுல மரப்பலகை போட்டது. ஏறும்போது பலகைப் பாதை, மேல ரெண்டும் சேர்ந்துடும். வழியில கெர்ன்னு சொல்ற கல் கோபுரங்கள் நிக்கும், மூடுபனியில வழி தவறாம இருக்க அதுதான் அடையாளம். ரெண்டாவது கெர்ன் பக்கத்துல ஒரு டாய்லெட் இருக்கு, குளத்துக்கிட்ட கிடையாது, ஞாபகம் வச்சுக்கோங்க.

நடக்கும்போது ஒரு விசித்திரத்தைக் கவனிங்க. எந்த மலையிலயும் கீழ மரம், மேல போகப் போக மரம் குறைஞ்சு சின்னச் செடி, அதுதான் வழக்கம். ஹப்போல இது தலைகீழ். ரொம்ப உயரத்துல மட்டும் வளர்ற சின்னச் செடிங்க இங்க கீழயே இருக்கு, இன்னும் மேல போனா மரக்கூட்டம். காரணம் செர்பென்டினைட்ங்கிற பாறை, அதுல இருந்து வர்ற மண்ணுல மக்னீசியம் ஜாஸ்தி, சத்து கம்மி, பெரிய மரங்க வேர் பிடிக்க சிரமப்படும், அந்த காலி இடத்தை வேற எங்கயும் 2,500 மீட்டர்ல பாக்க வேண்டிய பூச்செடிங்க பிடிச்சுக்கிச்சு. ஹப்போ-உசுயுகிசோன்னு எடல்வைஸ் வகையில ஒரு வெள்ளைப் பூ இருக்கு, இந்த மலையோட பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. அதே பாறைதான் மழை நனைஞ்சா சோப்பு போட்ட மாதிரி வழுக்கவும் செய்யும். கயிறு கட்டின இடத்தைத் தாண்டிக் கால் வைக்காதீங்க, ஒரு செடி திரும்ப முளைக்க அங்க ரொம்ப வருஷம் ஆகும்.

குளம் சின்னதுதான், முதல்ல பாக்குறவங்க இவ்வளவுதானான்னு கேப்பாங்க. காத்து நிக்கிற வரைக்கும் காத்திருங்க. அப்ப 2,932 மீட்டர் ஷிரோஉமா, 2,812 மீட்டர் ஷகுஷி, 2,903 மீட்டர் ஹகுபா-யாரின்னு மூணு சிகரமும் தண்ணிக்குள்ள தலைகீழா நிக்கும், ஆகஸ்ட்லயும் பள்ளத்துல பனிக் கோடுகளோட. முதல் லிஃப்டுல வந்தவங்களுக்குத்தான் இது.

பாதை இதுக்கு மேலயும் போகுது, 2,696 மீட்டர் கராமட்சு சிகரத்துக்கு. அது வேற கணக்கு, மலையேற்றத் திட்டத்தை எழுதிக் கொடுத்துட்டுத்தான் போகணும்னு நாகானோ மாகாணத்துல விதி இருக்கு, அனுபவம் இல்லாதவங்க குளத்தோட திரும்பிடுங்க.

ஸ்டெப் 7: இறங்குறது, குளிக்கிறது

மதியத்துக்கு முன்னாடியே இறங்க ஆரம்பிங்க. இடி வந்தா லிஃப்டை நிறுத்திடுவாங்க, கடைசி லிஃப்டைத் தவற விட்டா கீழ வரைக்கும் நடைதான். குப்பையை பையிலயே கொண்டு வந்துடுங்க, மேல தொட்டி தேடாதீங்க.

கீழ வந்ததும் ஹப்போ ஆன்சென், வெந்நீர் ஊத்துக் குளியல். இந்தத் தண்ணி pH 11க்கு மேல, நல்ல காரத்தன்மை, தோல் வழவழன்னு ஆயிடும். துணி எதுவும் இல்லாமதான் இறங்கணும், ஆண் பெண் தனித்தனி, முதல்ல வெளிய ஸ்டூல்ல உக்காந்து சோப்பு போட்டுக் கழுவிட்டு அப்புறம்தான் தொட்டி, துண்டைத் தண்ணிக்குள்ள நனைக்கக் கூடாது. டாட்டூ இருக்குறவங்க கவுன்டர்லயே கேட்டுடுங்க.

மழை பெஞ்சா

அன்னிக்குக் குளத்தை மறந்துடுங்க, லிஃப்ட் ஓடினாலும் சரி. ஸ்கீ ஜம்பிங் ஸ்டேடியத்துக்குப் போங்க, லிஃப்டும் எலிவேட்டரும் வச்சு தாவுற மேடை வரைக்கும் ஏறலாம், 1998ல ஜப்பான் டீம் தங்கம் வாங்குன இடம் அது. கம்பி வலைத் தரை, கீழ பாத்தா அடிவயிறு கலங்கும். பனி இல்லாமலேயே பிளாஸ்டிக் பாய் மேல தண்ணி தெளிச்சு வீரர்கள் பயிற்சி பண்றதும் உண்டு, அதிர்ஷ்டம் இருந்தா பாக்கலாம். லேசான தூறல்னா வயசானவங்க, குழந்தைங்களோட 1,900 மீட்டர்ல இருக்குற ட்சுகாஇகே இயற்கைப் பூங்கா, கோண்டோலாவும் ரோப்வேயும் மாறிப் போகணும், உள்ள பலகைப் பாதை ஆரம்பத்துல கிட்டத்தட்ட சமதளம், எந்த இடத்துல வேணும்னாலும் திரும்பிடலாம்.