இளம் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் தொடரின் கடைசி இதழை உருவாக்குவது எப்படி?

தொடர் இந்த இதழோடு முடிகிறது என்று தெரிந்ததும் பலரும் வில்லனோடு நடக்கப்போகும் பெரிய சண்டையைத்தான் முதலில் யோசிக்கிறார்கள். இளம் ஹீரோவின் கதையில் அது இரண்டாவது வேலை. 15, 16 வயதுப் பிள்ளைக்குச் சக்தி கிடைத்தபோதே ஒரு கேள்வியும் எழுந்திருக்கும். வீட்டில் உண்மையைச் சொல்வதா? இந்த உடையைப் போட்டுக்கொள்ள எனக்குத் தகுதி இருக்கிறதா? அதற்குப் பதில் வராமல் வில்லன் மட்டும் விழுந்தால், கதை பாதியில் நின்றதாகவே வாசகருக்குப் படும்.

ஆகவே முதல் இதழை எடுத்து மறுபடி படியுங்கள். அந்தக் கேள்வியை ஒரே வரியில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு, தொடர் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும் கதை இழைகளை எல்லாம் பட்டியலிடுங்கள். கட்டாயம் முடிக்க வேண்டியவை, ஒரே கட்டத்தில், அதாவது ஒரே படச்சட்டத்தில், தொட்டுக்காட்டினால் போதுமானவை, அப்படியே விட்டுவிடலாம் என்பவை எனப் பிரியுங்கள். 20 பக்கத்துக்குள் ஒழுங்காக முடிக்கக்கூடியவை இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஏழெட்டை இழுத்துப்போட்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வசனம்தான் கிடைக்கும்; யாருக்கும் திருப்தி இருக்காது.

பக்கங்களைப் பங்கிடும்போது பின்னாலிருந்து தொடங்குங்கள். 20 பக்கக் கதையில் சண்டை 13ஆம் பக்கத்துக்குள் முடிந்துவிட வேண்டும். மீதி ஏழு பக்கமும் ஹீரோவின் மனிதர்களுக்கு: அம்மா, உயிர்த்தோழி, விட்டுப்போன நண்பன். சண்டை 18ஆம் பக்கம் வரை இழுத்துவிட்டு, பிரிவையும் பதிலையும் இரண்டே பக்கத்தில் திணிப்பதுதான் கடைசி இதழ்களில் அடிக்கடி நேரும் கோளாறு. எல்லாத் துணைப் பாத்திரங்களும் வரிசையாக நின்று சிரிக்கும் ஒரே கட்டமும் வேண்டாம். இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து ஆளுக்கு ஒன்றரைப் பக்கம் கொடுங்கள்.

வில்லனை வீழ்த்துவது ஹீரோவாகவே இருக்கட்டும். மூத்த ஹீரோ வந்து காப்பாற்றினால், இத்தனை இதழ்களில் அந்தப் பிள்ளை கற்றது வீணாகிவிடும். முதல் சில இதழ்களில் தடுமாறிய ஒரு திறமையே இங்கே கைகொடுக்கட்டும். புதிய சக்தி எதுவும் முளைக்கக் கூடாது. "பத்து ஆண்டுகளுக்குப் பிறகு" என்று தாவி வளர்ந்த ஹீரோவைக் காட்டுவதும் பெரும்பாலும் ஏமாற்று. வாசகர் நேசித்தது அந்த வயதை. பாத்திரம் பதிப்பகத்துக்குச் சொந்தம் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு: சாவு, சக்தி இழப்பு, ரகசிய அடையாளம் வெளியாவது ஆகியவற்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதும் முன்பே பதிப்பாசிரியரின் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அச்சு இதழில் ஒற்றைப்படைப் பக்கம் வலப்புறம், இரட்டைப்படை இடப்புறம். அதிர்ச்சியோ ஆனந்தமோ, வெளிப்பட வேண்டியது இரட்டைப்படைப் பக்கத்தில் வரட்டும். அதற்கு முந்தைய பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் கேள்வி நிற்கட்டும். வலப்பக்கத்தில் வைத்தால், இடப்பக்கத்தைப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பட்டுவிடும். இரட்டைப் பக்கப் படமும் 8-9, 14-15 என்று இரட்டைப்படையில்தான் தொடங்க முடியும். நடுவே விளம்பரப் பக்கம் நுழைந்தால் இந்தக் கணக்கு முழுவதும் குலையும். எங்கே வருகிறது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு தாள்களை ஒன்றாக மடித்தால் 24 பக்கப் போலி இதழ் கிடைக்கும். அதில் கிறுக்கலாக வரைந்து புரட்டிப் பாருங்கள்.

வசனத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள். ஒரு வசன பலூனில் 20, 25 சொல்லைத் தாண்டினால் முகபாவம் மறைந்துவிடும். கதையின் கருத்தை விளக்கும் விவரிப்புப் பெட்டிகள் கடைசிப் பக்கங்களில்தான் அதிகம் முளைக்கும். லெட்டரிங்குக்கு (வசனங்களைப் படத்தில் எழுதும் வேலைக்கு) முன் அவற்றை எடுத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். படமே சொல்லிவிட்டால் பெட்டி தேவையில்லை. வசனமில்லாத பக்கத்தை வாசகர் சட்டென்று கடந்துவிடுவார். நிதானம் வேண்டுமென்றால் ஒரே கோணத்தில் மூன்று, நான்கு சம அளவுக் கட்டங்கள் வையுங்கள். கண் தானே நிற்கும்.

வரைபவருக்கு ஒரு எச்சரிக்கை. கடைசி இதழின் வேகத்தில் ஹீரோவின் தோள் அகன்று, உடல் பெரியவருடையதாக மாறிவிடும். பதின்ம வயது உடலுக்கு ஏறக்குறைய ஏழு தலை உயரம் (தலையின் உயரத்தைப்போல் ஏழு மடங்கு) போதும். எட்டுத் தலை என்பது வளர்ந்த வீரனின் அளவு. ஹீரோவின் உருவ அளவைக் காட்டும் முதல் இதழின் மாதிரித் தாளைப் பக்கத்திலேயே வைத்திருங்கள். கதைக்குள் ஓராண்டு கழிந்திருந்தால் அந்த வளர்ச்சியை உடையில் காட்டுங்கள்: மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்ட கைப்பகுதி, முழங்காலில் ஒட்டுத் தையல்.

தொடர் நிற்கும் செய்தி தாமதமாக வந்து, பக்கங்கள் ஏற்கெனவே வரையப்பட்டிருந்தால் பதற வேண்டாம். லெட்டரிங் கடைசிக் கட்ட வேலை என்பதால், படத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்றியே கதையின் திசையைத் திருப்பலாம். புதிதாக வரைய நேரம் கிடைத்தால், அதைக் கடைசி மூன்று பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

அச்சுக்கு அனுப்பும் கோப்பில் வண்ணப் படம் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), கறுப்புக் கோடு 600 டிபிஐ இருக்கட்டும். ஓரம் வரை போகும் படத்துக்கு வெட்டுக்கோட்டுக்கு (அச்சான தாளை வெட்டும் கோட்டுக்கு) வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக வேண்டும். எழுத்துகளை வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது 6 மில்லிமீட்டராவது உள்ளே தள்ளுங்கள். அவை ஒற்றைக் கறுப்பு மையில் மட்டும் அமைய வேண்டும். வண்ண அச்சின் நான்கு மைகளும் கலந்தால், அச்சுத் தகடு கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். இரட்டைப் பக்கப் படத்தில் எந்த முகமும் நடு மடிப்பில் விழாதபடி பாருங்கள். நடுவில் பின் அடிக்கும் இதழானால் மொத்தப் பக்கம் நான்கால் வகுபட வேண்டும். ஒரு பக்கம் மிஞ்சினால் அதை விளம்பரத்துக்கு விடாமல், தொடர் முழுக்க உழைத்த குழுவின் பெயர்களுக்கும் வாசகருக்கான நன்றிக் கடிதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.