தெற்கு பிரான்ஸில் ஒரு வாரம் வீடு எடுக்கப் போகிறீர்களா?

எங்கள் கீழக்கரையில் வெளிநாட்டுக்குப் பயணம் போன ஆள் இல்லாத தெரு கிடையாது. எனக்குத் தம்பி, பாரிஸ் பக்கத்தில். அவன் வீட்டில் எட்டுப் பேருக்குப் பாய் விரிக்க இடமில்லை என்பதால், போன ஜூலையில் தெற்கே உஸேஸ் என்ற ஊருக்கு வெளியே ஒரு கல் வீட்டை ஒரு வாரம் வாடகைக்குப் பிடித்தான். விடுமுறைக்கு விடும் இந்தக் கிராமத்து வீட்டை அங்கே ‘ஜீத்’ என்கிறார்கள். வந்த நாளிலிருந்து “லாத்தா, எப்படி எடுத்தீங்க?” என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முதலில் கிழமையைப் பாருங்கள். ஜூலை, ஆகஸ்டில் பெரும்பாலும் சனி முதல் சனி வரைதான் விடுவார்கள். எங்களுக்குச் சாவி கிடைத்தது மாலை நாலு மணிக்கு. அடுத்த சனி காலை பத்துக்கெல்லாம் காலி செய்யச் சொன்னார்கள். பாரிஸிலிருந்து நீம் நகரம் வரை அதிவேக ரயிலில் சுமார் மூன்று மணி நேரம். அதற்கப்புறம் கார் இல்லாவிட்டால் காலை ரொட்டிக்கே திண்டாட்டம்தான்.

விசாவுக்கு வீடு எடுத்த ரசீதைக் காட்ட வேண்டும். தம்பி வீட்டில் தங்கும் நாட்களுக்கு, அவன் தன் ஊர் நகராட்சியில் அழைப்புச் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசி நேரம் வரை இழுக்காதீர்கள்.

படத்தில் எல்லோரும் நீச்சல் குளத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் அடுப்பைப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. உம்மாவின் அலுமினிய இட்லிச் சட்டியைத் துணியில் சுற்றி அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே இருந்தது இண்டக்ஷன் அடுப்பு. சட்டியை வைத்தால் ஒரு கீச்சுச் சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் அதில் சூடாகும். ஒரு வாரமும் அந்தச் சட்டியில் பழம் போட்டு வைத்திருந்தோம். எனவே வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேளுங்கள்: அடுப்பு கேஸா, மின்சாரமா? பெரிய பாத்திரம் உண்டா? படுக்கை விரிப்பும் துண்டும் வாடகையில் சேர்த்தியா? பல வீடுகளில் அதற்குத் தனிக் காசு.

பெட்டியில் நெய், பால்கோவா, கறி வகை எதுவும் வைக்காதீர்கள். வெளியிலிருந்து வருபவர்கள் பால், இறைச்சிப் பொருள் கொண்டுவர ஐரோப்பாவில் தடை. நம் தொதல் என்ற இனிப்பு தேங்காய்ப் பாலில் கிண்டுவது, அதனால் தப்பித்தது. மாசிக் கருவாடும் மீன்தானே, அதுவும் வந்தது. ஆனால் இடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஞாயிறு மதியத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். நாங்கள் வரும் வழியில் நீமிலேயே ஹலால் கறியும் இரண்டு நாளைக்குக் காய்கறியும் வாங்கியது புத்திசாலித்தனம். உஸேஸ் சந்தை புதனும் சனியும் கூடும், சனிக்கிழமைதான் பெரிது. ஆலிவ் மட்டும் வாங்கிவிட்டு மீதியை வேடிக்கை பார்த்தேன், விலை அப்படி.

குளம் உள்ள வீடு என்றால், சிறு பிள்ளைகள் இருப்பவர்கள் வேலி இருக்கிறதா என்று கேளுங்கள். வேலி, மூடி, கூண்டு, அலாரம் இவற்றில் ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். வெறும் அலாரம் எனக்குப் போதாது. வீட்டோடு இருக்கும் குளம் என்பதால் என்ன உடுத்தி இறங்குகிறீர்கள் என்று கேட்க ஆளில்லை. என் மகள் இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டியதே அங்கேதான்.

இங்கே கடல் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து வைப்போம். அங்கே வெயில் ஏறுமுன் மரக் கதவுகளைச் சாத்திவிட வேண்டும். தடித்த கல் சுவர் இரவின் குளிர்ச்சியைப் பிடித்து வைக்கும். பொழுது அடைந்தபின் திறக்கலாம், ஆனால் ஜூலையில் மக்ரிப் என்ற அந்தித் தொழுகையே ஒன்பதரை மணிக்குத்தான். ஒரு நாள் ‘மிஸ்த்ரால்’ அடித்தது. வடக்கிலிருந்து வரும் காற்று. நம் வாடை மழையைக் கூட்டி வரும், இது மேகத்தையே துடைத்துவிடுகிறது. காயப்போட்ட துணியெல்லாம் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில். கோடையில் காற்று பலமானால் காட்டுத்தீக்குப் பயந்து சில காட்டுப் பாதைகளை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் விசாரியுங்கள்.

ஊர் சுற்றப் பெரிய பட்டியல் வேண்டாம். ரோமானியர்கள் நீமுக்குத் தண்ணீர் கொண்டுபோகக் கட்டிய போன் து கார் பாலம் பக்கத்திலேயே இருக்கிறது; மூன்றடுக்கு, சுமார் 49 மீட்டர் உயரம். எக்-மோர்த் உப்பளம் கார் தூரம்தான். அங்கே பூநாரைகளைப் பார்த்ததும் மச்சான், “தனுஷ்கோடியில் பார்க்காததா!” என்று காரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரவில் வெந்நீர்த் தொட்டி ஒரு முறைதான் சூடாகும். எட்டுப் பேர் வரிசையாகக் குளித்தால் கடைசி ஆளுக்குப் பச்சைத் தண்ணீர். கிராமத்து வீடுகளில் கழிவுநீர்த் தொட்டி தனியாக இருக்கும், பொரித்த எண்ணெயைச் சிங்கில் ஊற்றாதீர்கள். பாட்டிலில் பிடித்து வையுங்கள்.

சாவி வாங்கும்போதே சுவர், மேஜை எல்லாவற்றையும் போனில் படம் எடுங்கள். திருப்பித் தரும்போது அவர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் டெபாசிட்டை விடுவிப்பார்கள். வெள்ளைச் சமையல் மேடையில் நான் சிந்திய மஞ்சள் சோப்புக்குப் போகவில்லை. எலுமிச்சையைத் தேய்த்துவிட்டு வெயில் விழும் ஜன்னலை மட்டும் திறந்து வைத்தேன், மாலைக்குள் வெளுத்துவிட்டது. உடைந்த தட்டு ஒன்றை நானே எடுத்துக் காட்டினேன். வீட்டுக்கார அம்மா சிரித்துவிட்டு, தொதல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.