தீர்த்தம் தெளித்தால் பேய் எரிந்துவிடுமா? கத்தோலிக்க விசுவாசத்தை வைத்து இளையோர் சாகசக் கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினைந்து வயதுப் பையன். கையில் ஜெபமாலை. எதிரே பனைமர உயரத்தில் ஒரு அரக்கன். பையன் லத்தீனில் நாலு வார்த்தை சொல்கிறான், மாலையிலிருந்து நீல ஒளி கிளம்புகிறது, அரக்கன் சாம்பல். இளையோருக்கான மாயச் சாகசக் கதைகளுக்குள் கத்தோலிக்க விசுவாசம் பெரும்பாலும் இப்படித்தான் நுழைகிறது. விறுவிறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஜெபமாலையை எடுத்துவிட்டு ஒரு மந்திரக்கோலைக் கொடுத்தாலும் கதையில் ஒரு வரிகூட மாறாது. அப்புறம் எதற்கு ஜெபமாலை?

இதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்குத் தாயும் இதுதான். மந்திரவாதி சரியான சொல்லைச் சரியான முறையில் சொல்லிவிட்டால் சக்தி அவனுக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். ஜெபம் செய்கிறவரால் கேட்கத்தான் முடியும். கொடுப்பது கடவுள் சித்தம். தீர்த்தம், பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் அறைந்த இயேசுவின் உருவம்), உத்தரியம் (தோளில் அணியும் புனிதத் துணி) எல்லாமே கேட்கிற பக்கத்தில் நிற்பவை. இந்த வேறுபாட்டை விவிலியமே ஒரு கதையாகச் சொல்கிறது, அதுவும் சிரிப்பு வருகிற மாதிரி. திருத்தூதர் பணிகள், 19ஆம் அதிகாரம், எபேசு நகரம். பவுல் செய்கிற அற்புதங்களைப் பார்த்த ஸ்கேவாவின் ஏழு மகன்கள், இயேசுவின் பெயரைத் தாங்களும் மந்திரம்போல் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். “பவுல் அறிவிக்கும் இயேசுவின் பெயரால் ஆணையிடுகிறோம்” என்று பேயை விரட்டுகிறார்கள். பேய் திருப்பிக் கேட்கிறது: இயேசுவை எனக்குத் தெரியும், பவுலையும் தெரியும், நீங்கள் யார்? கேட்டதோடு விடவில்லை. பேய் பிடித்த ஒற்றை ஆள் அவர்கள்மேல் பாய்ந்து புரட்டி எடுக்க, காயத்தோடு, உடம்பில் துணிகூட இல்லாமல் வீட்டை விட்டு ஓடுகிறார்கள். அதே ஊரில் மந்திரம் செய்துவந்த பலர் அதற்குப் பிறகு தங்கள் நூல்களைக் கொண்டுவந்து எரித்தார்கள், அவற்றின் மதிப்பு 50,000 வெள்ளிக்காசு என்று கணக்கும் இருக்கிறது. உங்கள் கதாநாயகனும் முதல் தடவை இந்த ஏழு பேரைப் போல உதை வாங்கட்டுமே. இரண்டாம் தடவை அவன் முழங்காலில் நிற்கும்போது அதற்கு ஒரு எடை வரும்.

அடுத்து, குருவானவர். சினிமா புண்ணியத்தில் பேயோட்டும் சாமியார் என்றாலே ஒற்றை ஆளாக, மேலிடத்தை மதிக்காமல், ராத்திரியில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர் என்று ஆகிவிட்டது. நிஜத்தில், பேய் பிடித்தவர்மேல் முறைப்படியான பேயோட்டும் சடங்கைச் செய்ய ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும். அந்தச் சடங்குக்கு 1614 முதல் வகுத்த முறை உண்டு. திருத்திய முறை 1999இல் வெளியானது. இது உளநோயா, உடல்நோயா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதும் திருச்சபை கேட்டுக்கொள்வதுதான். இதெல்லாம் கதையின் வேகத்தைக் கெடுக்கும் என்று எழுதுபவர்கள் பயப்படுகிறார்கள். கெடுக்காது. ஆயர் இருப்பது மூன்று நாள் பயணத்தில், அனுமதிக் கடிதத்தைக் கொண்டுவரப் போவது இரண்டு பிள்ளைகள், வழியில் ஆறு, காடு, துரத்துகிறவர்கள். சாகசக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

பாவங்களைக் குருவிடம் ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் நடக்கிற தவறு இதைவிட மோசம். வில்லனின் ஆள் வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறான். குருவானவர் கதாநாயகியைக் கூப்பிட்டு, “நான் சொல்லக் கூடாது, ஆனால் இன்று வடக்குக் கிணற்றுப் பக்கம் போகாதே” என்கிறார். முடிந்தது, அவரைக் குருவென்று வாசகர் நம்பவே மாட்டார். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சொல்லாலோ சைகையாலோ வெளியிடக் கூடாது. அந்த அறிவை வைத்து, ஒப்புக்கொண்டவருக்குப் பாதகமாக எதையும் செய்யவும் கூடாது. நேரடியாக வெளியிடுகிற குரு அந்தக் கணமே திருச்சபை விலக்குக்கு ஆளாகிறார். உயிர் காக்க என்ற விதிவிலக்குகூட இல்லை. 1393இல் பிராக் நகரத்தில் நெப்போமுக் ஊர் ஜான் என்ற குருவை நான்காம் வென்செஸ்லாஸ் அரசன் ஆற்றில் தள்ளிக் கொன்றான். அரசியின் பாவசங்கீர்த்தனத்தை வெளியிட மறுத்ததுதான் காரணம் என்று மரபு சொல்கிறது. அரசனுக்கும் பேராயருக்கும் நடந்த அதிகாரச் சண்டை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். எது எப்படியோ, எச்சரித்துவிடும் குருவைவிட, கிணற்றில் விஷம் இருப்பது தெரிந்தும் வாய் திறக்க முடியாமல் திருப்பலி வைக்கும் குருவைத்தான் பதினான்கு வயது வாசகர் மறக்க மாட்டார்.

விதிகள் கையைக் கட்டுவது மட்டுமில்லை, எதிர்பாராத கதவையும் திறக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. சாகும் நிலையில் இருப்பவருக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்; திருச்சபையின் நோக்கத்தோடு, தண்ணீர் ஊற்றி, பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரைச் சொல்லிக் கொடுத்தால் போதும், குருவாக இருக்க வேண்டியதில்லை. காயப்பட்டுக் கிடக்கும் எதிரிப் படைவீரன் தானாகக் கேட்டால், தோல்பையில் மிச்சமிருக்கும் குடிதண்ணீரைக் கதாநாயகி ஊற்றலாம். பாலைவனத்தில் அந்தத் தண்ணீருக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். அதேபோல, குருத்துவத்தை விட்டு வெளியேறி மீன் விற்றுக்கொண்டிருப்பவர்கூட, மரண ஆபத்தில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு வழங்கலாம். ஒரு நாவலுக்கே இது போதும்.

சின்னத் தவறுகளைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். இறந்துபோன தங்கை சம்மனசாக (வானதூதராக) மாற மாட்டாள்; சம்மனசுகள் வேறு படைப்பு. இறந்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் உத்தரிக்கிற ஸ்தலம், தோற்றவர்கள் மறுபடி எழுதும் பரீட்சை இல்லை. அங்கே இருப்பவர்கள் மோட்சம் சேருவது உறுதி. அமலோற்பவம் என்பது மரியாள் ஜென்மப் பாவமின்றி உற்பவித்ததைப் பற்றியது, இயேசு பிறந்த விதத்தைப் பற்றியது இல்லை.

பிரசங்கம் பண்ணுவது தனி ரகம். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் தாத்தா ஒருவர் வந்து அரைப் பக்கம் போதித்தால், பிள்ளைகள் அந்த அரைப் பக்கத்தைத் தாண்டிவிடுவார்கள். இந்த விஷயத்தில் ஆங்கில எழுத்தாளர் டோல்கீனிடம் கற்க நிறைய இருக்கிறது. ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ அடிப்படையில் ஒரு கத்தோலிக்கப் படைப்பு என்றும், அதனால்தான் மத வழிபாடுகளைப் பற்றிய குறிப்புகளை அதில் சேர்க்கவில்லை அல்லது வெட்டிவிட்டேன் என்றும் 1953இல் ஒரு சேசுசபை நண்பருக்கு எழுதினார். அவருடைய உலகம் கிறிஸ்து பிறப்பதற்கு வெகுகாலம் முன்பிருந்த கற்பனைக் காலம், அதனால் அங்கே சிலுவைக்கு இடமில்லை. கதையில் வரும் தீய மோதிரம் அழியும் நாளை மட்டும் மார்ச் 25 என்று வைத்தார்: மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது வெறும் தேதி.

அந்த முடிவையே கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். அழிப்பதற்காக அத்தனை தூரம் மோதிரத்தைச் சுமந்து வந்த கதாநாயகன் ஃப்ரோடோ, நெருப்பின் விளிம்பில் நின்று அதைப் போட மறுத்துவிடுகிறான். நல்லவன் தோற்கிறான். அந்த மோதிரத்துக்காகவே அலையும் கோல்லம் அவன் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறித்துக்கொண்டு தவறி விழுகிறான், உலகம் பிழைக்கிறது. கோல்லம் அதுவரை உயிரோடு இருந்ததற்குக் காரணம், கொல்ல வாய்ப்பிருந்தும், மோதிரத்தை முன்பு வைத்திருந்த பில்போவும் ஃப்ரோடோவும் இரக்கப்பட்டு விட்டதுதான். கடவுளின் அருள் என்ற சொல்லே அங்கே இல்லை. பாவமே செய்யாத, சந்தேகமே வராத, கேட்டவுடன் ஜெபம் பலித்துவிடுகிற கதாநாயகனை வைத்து இதை எழுதியிருக்க முடியுமா?

உலகத்தைக் கட்டும்போது முதலிலேயே ஒன்றை முடிவு செய்யுங்கள். நடப்பது நம் பூமியிலா, வேறு உலகத்திலா? மூன்று நிலவும் பறக்கும் நாகமும் உள்ள உலகத்தில் ரோமாபுரி இல்லை, பெத்லகேமும் இல்லை. அங்கே ஒருவர் மாதா படத்தை எடுத்தால், அது எப்படி வந்தது என்று பிள்ளைகள் கேட்பார்கள். நம் பூமி என்றால் அந்தத் தொல்லை கிடையாது.

நம் பூமி, அதிலும் தமிழ்நாடு என்றால், மூடுபனி சூழ்ந்த கல்மடமும் முக்காடு போட்ட துறவியும் வேண்டாமே. இங்கே கொடியேற்றம் இருக்கிறது, சப்பரப் பவனி இருக்கிறது, அந்தோனியார் கோயிலில் தலைவிரித்து ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், இடி இடித்தால் “சேசு மரி சூசையே” என்று நெஞ்சில் கை வைக்கும் பாட்டி இருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவரே 18ஆம் நூற்றாண்டில் சூசையப்பரைத் தலைவனாக்கித் தேம்பாவணி பாடியபோது, யூதேயாவை நாட்டுப் படலம், நகரப் படலம் என்று நம் காப்பிய வழக்கத்தில்தான் தொடங்கினார்.

கடைசியாக ஒரு யோசனை: கதைச்சுருக்கம் தயாரானதுமே பங்குச் சாமியாரிடமோ விவரமான உபதேசியாரிடமோ காட்டிவிடுங்கள். நாவலை முடித்துவிட்டுக் காட்டினால், பாவசங்கீர்த்தனம் பற்றி அவர் சொல்லும் ஒரே திருத்தத்தில் பத்து அத்தியாயத்தைத் திரும்ப எழுத வேண்டிவரும்.