தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த்தில் குடும்ப வன்முறைக்கு எதிராக நடைப்பயணம் நடத்துவது எப்படி?

நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்களுக்கு எதிரான வன்முறையை எதிர்த்துக் கடைப்பிடிக்கப்படும் பதினாறு நாள் விழிப்புணர்வுக் காலமே இதற்கு ஏற்றது. ஆனால் அது டர்பனின் கோடைக்காலமும் ஆதலால், காலை ஆறு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். சாட்ஸ்வொர்த்தின் மேடுபள்ளங்கள் மூட்டுவலியுள்ள பாட்டிமார்களுக்கு ஒத்துவராது என்பதால், பாதையை முதலில் நீங்களே ஒருமுறை நடந்து பாருங்கள்.

1993-ஆம் ஆண்டின் கூட்ட ஒழுங்குமுறைச் சட்டப்படி, பொதுச் சாலையில் 15 பேருக்கு மேல் செல்லும் ஊர்வலத்துக்கு நகராட்சியிடம் குறைந்தது ஏழு நாள்களுக்கு முன் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். பாதை, நேரம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, ஒழுங்கு காக்கும் தொண்டர்களின் விவரம் ஆகியவற்றை அதில் குறிப்பிடுங்கள்.

நன்கொடை எந்தக் காப்பகத்துக்குப் போகிறது என்பதை முன்பே அறிவித்து, உண்டியலை இருவர் முன்னிலையில் எண்ணி, தொகையை அன்றே எழுதி வையுங்கள்.

புகைப்படத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் தங்கையோடு வந்து நடக்கும் பெண்ணின் முகம் அன்று மாலையே வாட்ஸ்அப்பில் சுற்றினால், அவள் வீடு திரும்புவதே ஆபத்தாகிவிடும். ஆகவே பதாகைகளையும் கால்களையும் மட்டும் படமெடுக்கச் சொல்லுங்கள். மேடையேறித் தன் கதையைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள்.

கோயில் மண்டபத்தில் தேநீர் கொடுக்கும்போது, 0800 428 428 என்ற இலவச உதவி எண்ணை அச்சிட்ட சிறு சீட்டுகளைக் கழிப்பறைக்குள் வைத்துவிடுங்கள். யாரும் பார்க்காமல் எடுத்துக்கொள்ள அதுவே வசதியான இடம்.