லேத்தின் பெட்டை முறுக்கின்றி அமர்த்துதல்

வீட்டுப் பட்டறையில் லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரத்தை) இறக்கி வைத்த உடனே கால் போல்ட்டுகளை இறுக்கிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. தரை சமமாக இல்லாதபோது அந்த இறுக்கமே வார்ப்பிரும்பு பெட்டை (லேத்தின் நீண்ட அடித்தளத்தை) முறுக்கிவிட, பிறகு கடைகிற உருளை ஒவ்வொன்றும் கூம்பாகவே வரும்.

போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, பெட்டை நன்கு துடைத்து, மீட்டருக்கு 0.02 மி.மீ. சாய்வையும் காட்டும் ரசமட்டத்தைப் பெட்டின் குறுக்கே, முதலில் ஹெட்ஸ்டாக் (தண்டைச் சுழற்றும் தலைப்பகுதி) அருகிலும் பிறகு டெயில்ஸ்டாக் (தண்டின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) முனையிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் குமிழி ஒரே கோட்டில் நிற்க வேண்டும். நடுவில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை. (ஆடும் கப்பலிலும் லேத் ஓடத்தான் செய்கிறது.) வேறுபாடு இருந்தால் காலடியில் ஷிம் எனும் மெல்லிய தகடு செருகி, போல்ட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் மட்டத்தைச் சரிபாருங்கள்.

ஆயினும் இறுதிச் சோதனை கடைசல்தான். 30 மி.மீ. விட்டமுள்ள தண்டைச் சக்கில் (தண்டைக் கவ்விச் சுழற்றும் பிடிப்பானில்) பிடித்து, 120 மி.மீ. வெளியே நீட்டி, டெயில்ஸ்டாக்கின் துணையின்றி, இரு முனைகளிலும் வளையம்போல் விட்டு நடுப்பகுதியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பின்னர் உளியின் அமைப்பை மாற்றாமல், மிக மெல்லிய ஒரே வெட்டில் இரு வளையங்களையும் கடைந்து மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். டெயில்ஸ்டாக் பக்க வளையம் பெரிதாக இருந்தால், அந்த முனையின் முன்காலைச் சற்று உயர்த்த வேண்டும். மழுங்கிய உளியும் தண்டைத் தள்ளி இதே பிழையைக் காட்டும் என்பதால், கூர் தீட்டிய பிறகே அளவை நம்புங்கள். மரமேசையில் அமர்த்தியவர்கள் சில வாரங்கள் கழித்து இதை மீண்டும் செய்ய வேண்டியிருக்கும்.